பூவும் பனியும்



பூ என்றதும் நம் நினைவுக்கு வருபவை கூந்தலும் கோயிலும்தாம். சூடுவதற்கும் சாத்துவதற்கும் உரிய பொருளாகவே பூவை நாம் பெரும்பாலும் கருதி வருகிறோம். ஆனால் நம் நாட்டின் பல பகுதிகளில் பூ உண்ணும் பொருளாகவும் பருகும் பொருளாகவும் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. அவற்றுள்ளும் குளிர்ந்த பண்டங்களில், அதாவது சர்பத்து, குல்பி போன்றவற்றில், பூவுக்குத் தனியிடம் உண்டு. பூவுக்கும் பனிக்கும் உள்ள இந்த உறவு தற்செயலாக ஏற்பட்டதன்று; அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டால், இத்தகைய பண்டங்களை நம் வீட்டிலேயே செய்யும் வழியும் தானே விளங்கிவிடும். எந்தப் பூவை உண்ணலாம், எந்தப் பூவை வாயருகே கொண்டு போகவும் கூடாது என்ற எச்சரிக்கையும் இதனோடு சேர்ந்தே வர வேண்டும். இவற்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு எதையும் சொல்லிலிருந்து தொடங்குவதே வழக்கம். ரோஜாப் பூவிலிருந்து வடித்தெடுக்கும் மணநீரைத் தமிழில் பன்னீர் என்கிறோம். பனிநீர் என்பதுதான் பன்னீர் ஆயிற்று. பூவின் பெயர் அந்தச் சொல்லில் இல்லை. குளிர்ச்சியின் பெயரே இருக்கிறது. வடநாட்டார் குல்கந்து என்று ஒரு பண்டம் செய்கிறார்கள். பாரசீக மொழியில் ‘குல்’ என்றால் பூ, சிறப்பாக ரோஜாப்பூ. ‘கந்த்’ என்றால் சர்க்கரை. நம் கற்கண்டில் இருக்கும் ‘கண்டு’ இந்தச் சொல்லுக்கு உறவு. பருகுதல் என்று பொருள்படும் அரபு வேரிலிருந்து பிறந்தது சர்பத்து. அந்தச் சொல்லே துருக்கி வழியாக ஐரோப்பாவை அடைந்து, பழச்சாற்றை உறையவைத்துச் செய்யும் ‘ஸார்பே’ என்ற பண்டத்துக்குப் பெயராயிற்று. குல்பி என்ற சொல்லோ பூட்டு என்ற பொருளுடைய சொல்லோடு தொடர்புடையது. மூடியிட்டு அடைத்த அச்சில் உறைவதால் அப்பெயர் பொருந்துகிறது. பூ, சர்க்கரை, குளிர்ச்சி, மூடி என்ற இந்த நான்கு சொற்களிலேயே பக்குவம் முழுவதும் அடங்கியிருப்பதைக் காணலாம்.

இனி, காரணத்தைப் பார்ப்போம். பூவின் மணம் என்பது என்ன? ஜஹாங்கீர் சக்கரவர்த்தி தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். அவருடைய அரசியான நூர்ஜஹானின் தாயார் பன்னீர் இறக்கிக்கொண்டிருந்தபோது, சூடான பன்னீரை ஊற்றிய தட்டுகளின் மேல் ஒரு படலம் மிதப்பதைக் கண்டாராம். அதைச் சிறிது சிறிதாகத் திரட்டிப் பார்த்ததில், ஒரு துளியே பல ரோஜாக்கள் ஒருங்கே மலர்ந்தாற்போல் மணம் வீசியதாம். அந்தப் படலம்தான் ரோஜா அத்தர். பூவின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயாக இதழ்களில் அடங்கியிருக்கிறது என்பதை இந்நிகழ்ச்சி நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது. அது எவ்வளவு சொற்பம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லலாம்: ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ பூ தேவைப்படுகிறது. வெயில் ஏற ஏற இதழ்களிலிருந்து இந்த எண்ணெய் பறந்துவிடும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் வட்டாரத்தில் விடியற்காலையிலேயே பூப் பறிப்பதும் இதனாலேதான்.

சூரியனின் வெப்பமே இவ்வாறு செய்யுமானால், அடுப்பின் வெப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாயசத்தில் ரோஜா இதழைப் போட்டுக் கொதிக்கவிட்டால், வீடெல்லாம் மணக்கும். பாயசத்தில் மணம் இராது. மணத்தைப் பிடித்து வைக்கக் கூடியவை மூன்று: சர்க்கரை, கொழுப்பு, குளிர்ச்சி. சர்க்கரை, இதழின் நீரைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும்போது மணத்தையும் வாங்கிக்கொள்கிறது. கொழுப்பு மணத்தைக் கரைத்துத் தன்னிடம் நிறுத்திக்கொள்கிறது. எள்ளையும் மல்லிகை இனப் பூக்களையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பின்னர் அந்த எள்ளை ஆட்டி மணத் தைலம் எடுப்பது வடநாட்டில் பழைய வழக்கம். பாலாடையும் எள்ளைப் போலவே கொழுப்புடையதாதலால், அதுவும் பூவின் மணத்தை ஏற்றுக்கொள்கிறது. குளிர்ச்சியோ, பறந்துபோக முயலும் மணத்தைப் பறக்கவிடாமல் தடுக்கிறது. இந்த மூன்றும் ஒருங்கே சேரும் இடம் எது? சர்க்கரையும் பாலாடையும் உறைபனியும் கூடிய குல்பிதான்! நாவின் வெப்பம் பட்டு அது கரையும்போது, அதுவரை அடங்கியிருந்த மணம் வெளிப்பட்டு மூக்கை எட்டுகிறது. பூவைப் பனியில் உறையவைப்பது வெறும் அலங்காரம் அன்று என்பது இதனால் விளங்கும்.

ஆனால் வெயில் கொளுத்தும் வட இந்தியச் சமவெளியில் பனிக்கு எங்கே போவது? அக்பர் ஆட்சியின் செய்திகளைத் தொகுத்த அபுல் பஸல், ‘அயினி அக்பரி’யில் இதற்கு விடை தருகிறார். முதலில் வெடியுப்பைக் கொண்டு நீரைக் குளிர்வித்தார்கள். வெடியுப்பு நீரில் கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்நீரில் குடிநீர்ப் பாத்திரத்தை வைத்துச் சுழற்றினால் குடிநீர் குளிர்ந்துவிடும். அரசவை பஞ்சாபில் தங்கிய காலத்தில், 1586 முதல், லாகூரிலிருந்து 45 கோச தூரத்திலுள்ள வடக்கு மலைகளிலிருந்து பனிக்கட்டி வரத் தொடங்கியது. படகிலும் வண்டியிலும் ஆள் சுமையாகவும் அது வந்ததாம்.

மலையிலிருந்து கொண்டு வராமல், சமவெளியிலேயே பனிக்கட்டி செய்யும் வழியும் நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது. அலகாபாத் போன்ற இடங்களில், தரையில் ஆழமில்லாத குழி வெட்டி, அதில் வைக்கோல் போன்ற தட்டைகளைப் பரப்பி, அவற்றின் மேல் நீர் நிரப்பிய மண் அகல்களை வரிசையாக வைப்பார்கள். மேகமற்ற, காற்று வீசாத குளிர்கால இரவில், நீர் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, விடியுமுன் ஏடாக உறைந்துவிடும். இம்முறையை ஸர் ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775இல் லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். பின்னர் 1833இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டி, நான்கு மாதக் கப்பல் பயணம் செய்து கல்கத்தாவில் இறங்கியது. அந்த வாணிபத்தின் நினைவுச் சின்னம் ஒன்றைச் சென்னை நேயர்கள் நன்கு அறிவார்கள். இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் பழைய ஐஸ் ஹவுஸ் அதுவே.

இந்தப் பனி இரவுகளின் ஞாபகார்த்தம் போன்ற ஒரு பண்டம் பழைய டில்லியின் சாந்தினி சௌக்கில் இன்றும் குளிர்காலத்தில் விற்கிறது. ‘தௌலத் கீ சாட்’ என்று அதற்குப் பெயர். பாலை இரவெல்லாம் பனியில் திறந்த வெளியில் வைத்து, விடியுமுன் கடைந்து, நுரையை மட்டும் வழித்தெடுத்து, குங்குமப்பூவும் சர்க்கரையும் சேர்த்துத் தருகிறார்கள். லக்னோவில் இதை ‘நிமிஷ்’ என்றும், காசியில் ‘மலையோ’ என்றும் சொல்லுவார்கள். வெயில் ஏறினால் கரைந்துவிடும் பண்டத்துக்கு ‘நிமிஷ்’ என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்!

இனி, நம் நாட்டில் குளிர்ந்த பண்டங்களுக்கு உதவும் பூக்களுள் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலாவது பன்னீர் ரோஜா. கன்னோஜிலும் ராஜஸ்தானத்துப் புஷ்கரிலும் இது மிகுதியாகப் பயிராகிறது. கடையில் கட்டாக விற்கும் நீண்ட தண்டு ரோஜா கண்ணுக்கு அழகாக இருக்கலாம். ஆனால் அதில் மணம் மிகக் குறைவு. குல்கந்துக்கு மணமுள்ள நாட்டு ரோஜாதான் வேண்டும். இரண்டாவது தாழம்பூ. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டக் கரையோரத்தில் தாழையின் ஆண் பூங்கொத்துகளைச் செப்புப் பாத்திரங்களில் இட்டு வடித்து, ‘கேவ்டா’ என்னும் மணநீரை எடுக்கிறார்கள். டில்லியிலும் லக்னோவிலும் குல்பிக்கு அந்த மணத்தைத் தருவது இதுவே. மூன்றாவது காஷ்மீரத்துப் பாம்பூரில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பூக்கும் குங்குமப்பூ. ஒரு பூவுக்கு மூன்றே சூல்முடிகள். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். முன் சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு. இதன் தனி மணம் பறித்த பூவில் இல்லை, உலர்த்தும்போதுதான் உண்டாகிறது. ஆகவே இதை வெதுவெதுப்பான பாலில் ஊறவைக்கலாம், ஊறவைக்கவும் வேண்டும்.

நான்காவது, இமயமலைச் சரிவுகளில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டையே செந்நிறமாக்கும் ‘புரான்ஷ்’. உத்தரகண்ட மாநிலத்தின் மரம் இது. இதன் இதழ்களை வேகவைத்துப் பிழிந்து, சர்க்கரை சேர்த்துச் சர்பத்தாகப் புட்டிகளில் அடைத்து, மலைப் பெண்கள் பலர் குடும்ப வருவாய்க்கு வழி தேடிக்கொள்கிறார்கள். இதில் மணத்தைவிடப் புளிப்பும் நிறமுமே முக்கியமாதலால் வேகவைப்பதால் நஷ்டமில்லை. ஐந்தாவது, மத்திய இந்தியக் காடுகளின் மகுவா. அதாவது நம் இலுப்பை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று நாம் சற்று இளக்காரமாகச் சொல்லுகிறோம். பஸ்தர் காட்டுமக்களுக்கோ அது இளக்காரம் அன்று, மெய்யான வாழ்வு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் பூக்களைப் பொறுக்கி உலர்த்தி, ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்கிறார்கள். உலர்ந்த பூவின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். அதை நன்றாகக் கழுவி, ஊறவைத்து அரைத்து, காய்ச்சி ஆறிய கெட்டிப் பாலில் சேர்த்து உறையவைத்தால், தனியாகச் சர்க்கரை அதிகம் தேவைப்படாது.

இப்போது செய்முறைக்கு வருவோம். இரண்டு பண்டங்களைச் சொல்லுகிறேன். குறித்துக்கொள்ள விரும்புவோர் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் குல்கந்தும், அதைக் கொண்டு செய்யும் குல்பியும். மருந்து தெளிக்காத பன்னீர் ரோஜா இதழ் 250 கிராம் எடுத்துக் கழுவி, ஈரம் சிறிதும் இல்லாமல் நிழலில் துணியின்மேல் பரப்பி உலர்த்துங்கள். சம எடை சர்க்கரையை எடுத்துக்கொண்டு, கண்ணாடி ஜாடியில் ஓர் அடுக்கு இதழ், ஓர் அடுக்குச் சர்க்கரை என்று மாற்றி மாற்றி அமுக்கி நிரப்புங்கள். மூடி, மூன்று வாரம் வெயிலில் வைத்து, நாள்தோறும் உலர்ந்த கரண்டியால் கிளறி வாருங்கள். மூடிய ஜாடியும் சர்க்கரையும் காவலிருப்பதால் இங்கே வெயில் மணத்தைக் கொள்ளையிட முடியாது. நிறம் கருஞ்சிவப்பாக மாறும். அதுதான் சரியான பதம்.

இனி, ஒரு லிட்டர் கொழுப்பெடுக்காத பாலை, அடி கனத்த பாத்திரத்தில் கிளறிக்கொண்டே 400 மில்லிலிட்டராகச் சுண்டக் காய்ச்சுங்கள். ஓரத்தில் படியும் ஆடையை வழித்து வழித்துப் பாலிலேயே சேர்க்க வேண்டும். பாலில் நீர் குறையக் குறைய, உறையும்போது ஊசி ஊசியாகப் பனிக்கட்டி படியாது. இரண்டு மேசைக் கரண்டி சர்க்கரை சேர்த்து இறக்கி, முற்றும் ஆறிய பிறகே 100 கிராம் குல்கந்தைக் கலக்க வேண்டும். இந்த நிலையில் சுவைத்துப் பார்த்தால் தித்திப்பு ஒரு மாற்றுக் கூடுதலாகத் தோன்ற வேண்டும். ஏனெனில் குளிர்ந்த நாவுக்கு இனிப்பும் மணமும் குறைவாகவே தெரியும். கலவையை அச்சுகளில் ஊற்றி இறுக மூடிக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் எட்டு மணி நேரம் வையுங்கள்.

குளிர்பெட்டி இல்லாதவர்கள் பழைய முறையைக் கையாளலாம். தகர அச்சை மூடி, மூடியைச் சுற்றிலும் பிசைந்த கோதுமை மாவால் அடைத்து, மண் பானையில் உடைத்த பனிக்கட்டி மூன்று பங்குக்குக் கல்லுப்பு ஒரு பங்கு கலந்து, அதில் புதைத்து, அவ்வப்போது பானையை அசைத்து வர வேண்டும். உப்பு எதற்கு? சர்க்கரை கலந்த பால், தண்ணீர் உறையும் நிலையில் உறையாது. அதற்கும் கீழே குளிர வேண்டும். உப்புப் பட்ட பனிக்கட்டி உருகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், சுழியத்துக்கும் கீழே 21 பாகை செல்சியஸ் வரையிலும் குளிர்ச்சி ஏற்படக்கூடும்.

இரண்டாவது பண்டம் செம்பருத்திப் பனி. இதற்குப் பால் வேண்டாம். நாட்டுச் செம்பருத்திப் பூ இருபது எடுத்து, காம்பையும் நடுத்தண்டையும் மகரந்தத்தையும் நீக்கிவிடுங்கள். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இதழ்களை அதில் இட்டுப் பத்து நிமிஷம் மூடி வைத்து வடிகட்டுங்கள். 150 கிராம் சர்க்கரையைக் கரைத்து, ஆறியபின் இரண்டு எலுமிச்சம் பழங்களைப் பிழியுங்கள். மங்கிய ஊதா நிறம் கண்ணெதிரே பளிச்சென்ற சிவப்பாக மாறுவது குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கை, ரசாயனப் பாடமுங்கூட. பூவின் நிறப்பொருள் புளிப்பில் சிவக்கும் இயல்புடையது. நீல நிறச் சங்குபுஷ்பமும் இப்படித்தான் எலுமிச்சை பட்டால் ஊதாவாகும். இக்கலவையை அகலமான தட்டில் ஊற்றி உறையவைத்து, முக்கால் மணிக்கு ஒரு முறை முள்கரண்டியால் கீறிவிட்டால், கட்டியாகாமல் பொடிப் பனியாகக் கிடைக்கும். கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் செம்பருத்தியை உட்கொள்ள வேண்டாம்.

நேயர்களே, இனி நான் சொல்லப்போவது இந்தப் பேச்சின் முக்கியமான பகுதி. பூக்கள் எல்லாம் மென்மையானவை; ஆனால் எல்லாம் நல்லவை அல்ல. அரளி, பொன்னரளி, ஊமத்தை, எருக்கு, செங்காந்தள் ஆகியவை கொடிய நஞ்சுடையவை. கோயிலில் சாத்தும் பூ ஆயிற்றே, உண்டால் என்ன என்று எண்ணுவது உயிருக்கே ஆபத்தாக முடியும். அழகுக்காகக்கூட இவற்றைப் பண்டத்தின்மேல் வைக்கலாகாது.

இங்கே பெயர் செய்யும் மயக்கம் ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பாளனாகிய நான் இதை அடிக்கடி காண்கிறேன். இந்தியில் ‘சம்பா’ என்ற ஒரே சொல் நம் செண்பகத்தையும் குறிக்கும். கிளையை ஒடித்தால் எரிச்சல் தரும் பால் வடியும் பெருங்கள்ளி மரத்தையும் குறிக்கும். தமிழிலோ சம்பங்கி என்றால் ஓர் ஊரில் ஒரு பூ, மற்றோர் ஊரில் வேறு பூ. மலையில் உண்ணும் புரான்ஷின் இனத்திலேயே நஞ்சுள்ள செடிகளும் இருக்கின்றன; அவற்றின் தேன்கூட மயக்கம் தரும். காகிதத்தில் ஒரு பெயர் பிசகினால் அடித்துத் திருத்தலாம். சமையலில் பிசகினால் திருத்த வழியில்லை. ஆகவே வேற்றூர்ச் சமையற்குறிப்பைப் படித்துப் பூவை வாங்காதீர்கள். தாவர நூலார் தரும் பெயரை ஒப்பிட்டு, பூவை நேரில் அறிந்தவர்களைக் கேட்டு, ஐயம் சிறிதும் இல்லையென்றால் மட்டும் பயன்படுத்துங்கள். சந்தையில் மாலைக்காக விற்கும் பூக்களுக்குப் பூச்சிமருந்து தெளித்திருப்பார்கள். உணவுக்காக வளர்ப்பவை அல்லவாதலால் அவையும் ஆகா. நம் வீட்டுத் தொட்டியில் வளர்ந்த பூவே உத்தமம். முதன்முறை உண்பவர்கள் ஓரிரண்டு இதழோடு நிறுத்திப் பார்ப்பது நல்லது. மகரந்தம் சிலருக்கு ஒவ்வாது.

மற்றொன்று, நிறத்தைப் பற்றியது. பூ இல்லாமலே பூவின் பெயரில் விற்கும் பண்டங்கள் இன்று ஏராளம். ஒரு துளி எஸன்ஸும் ஒரு சிட்டிகைச் சாயமும் இருந்தால் ரோஜா என்று எழுதி விற்றுவிடலாம். இளஞ்சிவப்புப் பஞ்சுமிட்டாயில் ரோடமைன்-பி என்னும் துணிச்சாயம் கலந்திருப்பது கண்டு, 2024 பிப்ரவரியில் புதுச்சேரி அரசும் தமிழ்நாடு அரசும் அதன் விற்பனையைத் தடை செய்ததை நேயர்கள் அறிவார்கள். மெய்யான குல்கந்து பழுப்புக் கலந்த கருஞ்சிவப்பு; மெய்யான ரோஜாக் குல்பி வெறும் பால்நிறம், அங்கங்கே கருத்த இதழ்த் துணுக்கு. பூவின் பெயரால் கண்ணைப் பறிக்கும் நிறத்தைக் கண்டால் சற்றே சந்தேகப்படுங்கள். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். இளமையில் எஸன்ஸையே ரோஜா என்று பழகிய நாவுக்குப் பின்னால் உண்மை ரோஜா பொய்யாகத் தோன்றிவிடும். அப்படித் தோன்றிவிட்டால், விடியுமுன் எழுந்து பூப்பறிக்கும் கன்னோஜ் உழவனுக்கும், மலையில் புரான்ஷ் பொறுக்கும் பெண்ணுக்கும், இலுப்பையடியில் குனிந்து நிற்கும் பஸ்தர் மூதாட்டிக்கும் நம்மிடையே வேலை இல்லாமற் போய்விடும்.

பூ ஒரு நாளில் வாடுவது. அதன் மணத்தைச் சில நாளேனும் நிறுத்திவைக்க நம் முன்னோர்கள் சர்க்கரையையும் பாலையும் பனியையும் துணைக்கொண்டார்கள். பனிக்காக அவர்கள் மலையை நாட வேண்டியிருந்தது. நமக்கோ அது வீட்டு மூலையிலேயே இருக்கிறது. நாம் தேட வேண்டியது நல்ல பூவை மட்டும்தான். தொட்டி ஒன்றில் பன்னீர் ரோஜாச் செடி ஒன்றை நட்டு, இன்றே தொடங்கலாம் அல்லவா?